மஞ்சத் தண்ணியும் மாத்துச் சட்டையும்

1

போன புதன்கிழமை சாயங்காலம் என் மக கவிதா ஒரே நிமிசத்துல என் மேல ரெண்டு குத்தம் சுமத்திப்போட்டா. தின்ன தட்டை மேசை மேலயே விட்டுட்டு டிவி முன்னால காலை நீட்டி உக்காந்தவளைப் பார்த்ததும் எனக்கு வந்துச்சே கோவம்! கையை ஓங்கினேன். ஓங்கத்தானுங்க செஞ்சேன். "இது அசால்ட்"னா, டிவியில இருந்து கண்ணைக்கூட எடுக்காம. எந்திரிடீன்னு தோளைப் புடிச்சு இழுத்தேன். "இப்ப பேட்டரி"ன்னா.

பதினேழு வயசு அவளுக்கு. இங்க லெஸ்டர்ல காலேஜுல சட்டத்தை ஒரு பாடமா எடுத்துப் படிக்கிறா. படிச்சதையெல்லாம் எங்க மேலதான் போட்டுப் பார்க்கிறா. அவ சொல்றதுல எனக்குப் புரிஞ்சதை உங்களுக்குச் சொல்றேன். இங்கிலீஷ்காரங்க சட்டத்துல, எதிர்ல இருக்கறவங்க 'ஐயோ, இப்ப அடி விழப்போகுது'ன்னு நினைக்கற மாதிரி நீங்க வேணும்னே எதையாவது செஞ்சாலே அசால்ட் ஆயிரும். அடி விழவே வேண்டியதில்லை. பேட்டரிங்கறது மேல படறது. வலிக்கணும்னு இல்லை, காயம் ஆகணும்னு இல்லை, போட்டிருக்கற துணி மேல பட்டாலே போதும். அவங்க சம்மதமும் இல்லாம, சரியான காரணமும் இல்லாமப் பட்டுச்சுன்னா குத்தம். அப்படின்னா திருப்பூர் டவுன் பஸ்ஸுல போறவங்க அத்தனை பேரும் ஜெயில்லல்ல இருக்கணும்னு கேட்டேன். அதுக்கும் பதில் வெச்சிருக்கா. கூட்டத்துல கொஞ்சம் இடிபடறதுக்கு எல்லாரும் சம்மதிச்சுத்தான் வெளிய வர்றாங்கன்னு சட்டமே எடுத்துக்குமாம்.

பெத்தவங்க புள்ளைங்களை அளவோட கண்டிக்கறதுக்கு அதே சட்டத்துல இடம் இருக்குதுங்கறதை மட்டும் அவ சொல்லவே இல்லை. அதை எங்கூட்டுக்காரர் அவ புஸ்தகத்தைப் புரட்டிக் கண்டுபுடிச்சுச் சொன்னார். கள்ளி!

இதையெல்லாம் இப்பச் சிரிச்சுக்கிட்டே எழுதறேன். போன வருசம் இதே மாசம் இந்த ரெண்டு வார்த்தை காதுல விழுந்தா நான் எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போயிருவேன். வர்ற ஞாயித்துக்கிழமை எங்க மாரியாத்தா நோம்பி, திருவிழாங்க. போன வருச நோம்பியன்னைக்கு நான் ஈரச் சேலையோட போலீஸ் ஸ்டேசன்ல உக்காந்திருந்தேன்.

2

கலியாணத்துக்கு முன்னால நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில செக்கிங் வேலை பார்த்தேன். எங்க ஊர் அனுப்பர்பாளையத்துல இருந்து கம்பெனி வேன்ல போவோம். பனியனை லைட்டுக்குக் கீழ விரிச்சு ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது எல்லாம் பார்க்கணும். சரிபண்ண முடிஞ்சா ஒரு பக்கம், முடியாட்டி ரிஜக்ட். ஓட்டையைப் போட்ட டெய்லர் மனசுல என்ன நினைச்சுக்கிட்டுப் போட்டான்னு யாராவது கேப்பாங்களா? ஓட்டைன்னா ஓட்டைதான்.

அங்க ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். ஒரு நாள் மும்தாஜ்ங்கற புள்ளை பீஸை மாத்தி அடுக்கிட்டான்னு இரும்பு ஸ்கேலை அவ மூஞ்சிக்கு நேரா ஓங்கிட்டார். அடிக்கலை. ஆனா அந்தப் புள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு நின்ன நிலையை நான் இன்னைக்கும் மறக்கலை. "மேல படலைல்ல, விடு கண்ணு, போய் வேலையைப் பாரு"ன்னாங்க எல்லாரும். அவ மறுநாள்ல இருந்து வேலைக்கே வரலை. கையை ஓங்கறதே குத்தம்னு கவிதா சொன்னப்ப எனக்கு முதல்ல அந்த மும்தாஜ் நெனப்புத்தான் வந்துச்சு. நம்ம ஊர்ச் சட்டத்துலயும் அது குத்தம்தானாம், இங்கிலீஷ்காரன் எழுதி வெச்சுட்டுப் போனதாம். எங்களுக்கு யாருங்க சொன்னாங்க?

சரி, நோம்பிக் கதைக்கு வர்றேன். நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. மெட்ராஸ் பக்கம் இருந்தும் படிப்பீங்க, அதனால சொல்றேன். மாரியம்மன் நோம்பியில கம்பம் நட்டு, பொங்கல் வெச்சு, கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. வேப்பிலை போட்ட மஞ்சத் தண்ணியைச் சொம்புல மோந்துக்கிட்டு, மாமன், மச்சான், கொழுந்தன்னு கேலி பண்ற முறை உள்ள ஆம்பளைங்களைப் பொம்பளைங்க துரத்தித் துரத்தி ஊத்துவோம். அண்ணன் தம்பி மேல ஊத்தக் கூடாது. புருசனுக்கு அண்ணன் மேலயும் கூடாது, அவர் முன்னால நின்னே பேச மாட்டோம். ஊத்தறவங்களுக்கு முறை இருக்கற மாதிரி வாங்கிக்கறவங்களுக்கும் ஒண்ணு இருக்கு. ஓடணும். 'வேண்டாங்க, வேண்டாங்க'ன்னு கத்திக்கிட்டே ஓடணும். ஓடாமத் தலையைக் காட்டிக்கிட்டு நிக்கறவனைப் பார்த்து ஊரே சிரிச்சுப்போடும். அதுக்குன்னு ஒரேயடியா ஓடி ஒளிஞ்சுக்கவும் கூடாது. கைக்கு எட்டற தூரத்துலயே ஓடணும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கறதில்லை, அது பாட்டுக்கு வந்துரும்.

3

எங்கூட்டுக்காரர் நிட்டிங் மிஷின் மெக்கானிக். அந்த வேலைதான் எண்பதுகள் கடைசியில எங்களை லெஸ்டருக்குக் கூட்டிட்டு வந்துச்சு. இதுவும் பனியன் ஊரு மாதிரிதான், சாக்ஸும் ஸ்வெட்டரும் ஓடிக்கிட்டே இருக்கும். நான் இங்கயும் செக்கிங்தான். கடல் தாண்டி வந்தும் எனக்கு ஓட்டை பார்க்கற பொழப்புப் போகலை. எங்களுக்குப் பின்னாலயே கொழுந்தன் துரைசாமியும் வந்து சேர்ந்தார். இன்னும் நாலஞ்சு குடும்பம் நம்ம பக்கம். எல்லாரும் சேர்ந்து நோம்பி வெச்சுக்கறோம். ஊர்ல சித்திரையில வர்றதை இங்க வெயிலுக்காக ஜூலைக்குத் தள்ளிட்டோம். ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்கலை.

பக்கத்து ஊட்டுல ஹெரால்டுன்னு ஒரு பெரியவர். பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். சம்சாரம் தவறிட்டாங்க, தனியாத்தான் இருக்கார். வேலி மேல தலையை நீட்டி 'இன்னைக்கு மழை வரும்'னு சொல்றதோட சரி, அதுக்கு மேல பேச மாட்டார். வெயில் காலம் வந்துட்டா ஞாயித்துக்கிழமை தவறாம, வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்புப் போட்டுக்கிட்டு, புல்தரையில கனமான பந்தை உருட்டற ஒரு விளையாட்டுக்குப் போவார். பார்க்க எனக்கு ஒண்ணும் விளங்காது. ஆனா அவருக்கு அதுதான் உசுரு.

போன வருச நோம்பியன்னைக்கு அவருக்குப் பெரிய போட்டி. எனக்கெங்க தெரியும்? எங்க ஊட்டுப் பின்கட்டுல துரைசாமி தலையில முதல் சொம்பை நான் கவுத்தாச்சு. தொப்பலா நனைஞ்சுட்டு, "ஐயோ வேண்டாங்க அண்ணி! உட்ருங்க அண்ணி!"ன்னு ஊரே கேக்கற மாதிரி கத்திக்கிட்டு, ரெண்டு ஊட்டுக்கும் நடுவுல இருக்கற சந்து வழியா ரோட்டுக்கு ஓடினார். நான் ரெண்டாவது சொம்போட பின்னாலயே ஓடினேன். வீசி ஊத்தினேன். மனுசன் டக்குனு குனிஞ்சுட்டார்.

வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து ஹெரால்டு கேட்டைத் திறந்துக்கிட்டு வெளிய வந்தார். தண்ணி முழுசும் அவர் நெஞ்சுல. பாவம், திடுக்கிட்டுப் பின்னால போனவர் ஈரத்துல வழுக்கிக் கையை ஊனி விழுந்தார். மணிக்கட்டு ஒடிஞ்சுபோச்சு.

தூக்கப் போனேன், தொடாதேன்னு கத்தினார். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள போலீஸ் வந்துருச்சு. எதிர் ஊட்டுல யாரோ, ஒரு பொம்பளை பித்தளைச் சொம்போட ஒரு ஆளை அடிக்கத் துரத்தறா, அவன் அலர்றான்னு முன்னாலயே போன் பண்ணியிருக்காங்க. அனுப்பர்பாளையத்துல எங்கப்பா பட்டறையில தட்டின சொம்பு அது, 'சரசு'ன்னு என் பேரு வெட்டியிருக்கும். அதைப் பிளாஸ்டிக் பையில போட்டுச் சீட்டு ஒட்டி எடுத்துட்டுப் போனாங்க. கூடவே என்னையும்.

4

ஸ்டேசன்ல தமிழ் தெரிஞ்சவங்க வேணும்னு ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவைக் கூட்டிட்டு வந்தாங்க. நல்ல மனுசி. ஆனா முறைன்னா என்னன்னு போலீஸ்காரருக்கு இங்கிலீஷ்ல சொல்ல அவங்களுக்கும் முடியலை, எனக்கும் முடியலை. "அந்த ஆள் வேண்டாம்னு சொன்னாரா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "ஓடினாரா?" ஆமாங்க. "அதுக்கப்புறமும் துரத்தினீங்களா?" ஓடினாத் துரத்தத்தானுங்க செய்யணும்னேன். அவர் பேனாவை வெச்சுட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்தாளு நோம்பியைப் பத்திக் கேக்கலை, குத்தத்தைப் பத்திக் கேக்கறான்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுச்சு.

கடைசியில ஒரு வழி சொன்னாங்க. தப்புத்தான்னு ஒத்துக்கிட்டா எச்சரிக்கை பண்ணி விட்டுருவாங்களாம், கோர்ட்டுக் கேஸு ஒண்ணும் இல்லையாம். எங்கூட்டுக்காரர் பயந்த சுபாவம். "கையெழுத்துப் போட்டுட்டு வந்துரு சரசு"ன்னார். ஆனா ஸ்டேசன்லயே எனக்காகக் கூப்பிட்டுக் குடுத்த வக்கீலம்மா, லெஸ்டர்லயே பொறந்து வளர்ந்த குஜராத்திக்காரங்க, ஒரு விசயம் கேட்டாங்க: குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருக்கீங்களா?

போட்டிருந்தேன். அவருக்கும் கவிதாவுக்கும் முன்னமே வந்துருச்சு, எனக்கு மட்டும்தான் பாக்கி. நல்ல நடத்தைன்னு பார்த்துத்தான் குடுப்பாங்களாம். எச்சரிக்கைன்னா நானே குத்தத்தை ஒத்துக்கிட்ட மாதிரி, அது அவங்க பதிவுல கிடக்கும். கேஸாகித் தண்டனை ஆயிட்டா அதைவிட மோசம். குடியுரிமை இல்லாதவளை ஊருக்கே திருப்பி அனுப்பச் சொல்லவும் நீதிபதிக்கு அதிகாரம் இருக்குதாம். இதுக்கெல்லாம் அவ்வளவு தூரம் போகாதுன்னு வக்கீலம்மா சொன்னாங்கதான். ஆனா நான் ஒரு நாட்டுலயும் என் மக இன்னொரு நாட்டுலயும்னு ஒரு தடவை மனசுல விழுந்துட்டா அப்புறம் சோறு எறங்குமா?

"நான் ஒத்துக்க மாட்டேனுங்க. வழுக்கி விழுந்துட்டார், அதுக்கு அவர் காலைத் தொட்டுக்கூட மன்னிப்புக் கேப்பேன். ஆனா அடிச்சேன்னு எழுதிக் குடுக்க மாட்டேன்"னு சொல்லிட்டேன். மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லி அனுப்பினாங்க.

ஊட்டுக்கு வந்ததும் கவிதா புஸ்தகத்தை விரிச்சா. என் மேல போட்டிருந்தது ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்தொண்ணாம் வருசத்துச் சட்டமாம், மனுச உடம்புக்கு நிஜமான தீங்கு பண்றது. அதுக்கு மேல கொடுங்காயம். அதுக்கும் மேல கொடுங்காயம் பண்ணணும்னே பண்றது, அதுக்கு ஆயுசு பூரா ஜெயில்கூட உண்டு. எங்க செக்கிங் மாதிரியே படிப்படியா வெச்சிருக்கான். ஆனா ஒண்ணு, இவன் ஓட்டையை மட்டும் பார்க்கறதில்லை. ஓட்டை போட்டவன் மனசையும் சேர்த்து விரிச்சுப் பார்க்கறான்.

"கை ஒடியணும்னு நான் நினைக்கவே இல்லையேடி."

"அது வேண்டியதில்லைம்மா. தண்ணி மேல படணும்னு நினைச்சிருந்தாப் போதும். அதனால கை ஒடிஞ்சா அதுவும் உன் கணக்குல."

"ஹெரால்டு மேல படணும்னுகூட நினைக்கலை. அவர் அங்க இருக்கறதே தெரியாது."

"சித்தப்பா மேல நினைச்சியில்ல? அந்த நினைப்பு அப்படியே ஹெரால்டு மேல மாறிக்கும்."

இது என்ன அநியாயம்னு எனக்கு ஆத்திரம் வந்துச்சு. பொறவு அவளே இன்னும் ரெண்டு பக்கம் புரட்டிட்டுச் சொன்னா, "ஆனா சித்தப்பா சம்மதிச்சிருந்தா, அவர் மேல ஊத்தறதே குத்தம் இல்லை. குத்தமில்லாத நினைப்பு மாறிப் போனாலும் குத்தமாகாது. சித்தப்பா சம்மதிச்சாரா?"

"கொழுந்தன்டி! அவர்கிட்ட என்ன சம்மதம் கேக்கறது?"

"கொழுந்தன்னு சட்டத்துல ஒண்ணும் இல்லைம்மா."

5

அடுத்த வாரம் நானும் துரைசாமியும் வக்கீலம்மா ஆபீஸுக்குப் போனோம். அவங்க போலீஸ்ல இருந்து வாங்கின வாக்குமூலத்தை எடுத்து வாசிச்சாங்க. எங்க துரைசாமி குடுத்தது. நல்லா இங்கிலீஷ் பேசுவேங்கற பெருமையில துணைக்கு ஆள்கூட வேண்டாம்னுட்டு, தானாச் சொல்லியிருக்கார்: நான் வேண்டாம்னு சொன்னேன், பல தடவை சொன்னேன், விடச் சொல்லிக் கத்தினேன், தப்பிச்சு ஓடினேன்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க தம்பி, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதா? இப்படியா சொல்லுவாங்க?"

"நடந்ததைத்தானுங்க அண்ணி சொன்னேன்."

"ஆசையா வாங்கிக்கிட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"அதெப்படீங்க ஒரு ஆம்பள வெளிய சொல்லுவான்? எங்க அண்ணி தண்ணி ஊத்துவாங்கன்னு ஆசையா நின்னேன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தா அசிங்கமா இருக்காதுங்களா?" அவருக்குக் காதெல்லாம் சிவந்துபோச்சு. எனக்கு அவரை அடிக்கலாம்னும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. நோம்பியில ஓடற மாதிரியே மனுசன் போலீஸ்லயும் ஓடி வெச்சிருக்கார்.

வக்கீலம்மா எங்க சண்டை முடியட்டும்னு பொறுத்திருந்தாங்க. அப்புறம் காகிதத்தைப் பார்த்துக்கிட்டே துரைசாமிகிட்ட மெதுவாக் கேட்டாங்க.

"முதல் சொம்புல நீங்க முழுசா நனைஞ்சுட்டீங்க. ஆனா வாக்குமூலம் குடுக்கும்போது காஞ்ச நீலச் சட்டை போட்டிருந்ததா போலீஸ் எழுதியிருக்கு. அது யார் சட்டை?"

"என்னுதுதானுங்க."

"உங்க வீடு அங்கிருந்து தூரமாச்சே. எப்படி வந்துச்சு?"

"காலையிலயே பையில எடுத்துட்டு வந்தேனுங்க."

"எதுக்கு?"

"நனைஞ்சா மாத்திக்கறதுக்குத்தானுங்க."

அந்தம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. "வேண்டாம் வேண்டாம்னு கத்தினவர், நனைவோம்னு தெரிஞ்சே வீட்டுல இருந்து மாத்துச் சட்டை கொண்டு வந்தீங்களா?"

"பின்னெ என்னங்க? வருசா வருசம் கொண்டு வர்றதுதானுங்க. பேண்ட்டும் ஒண்ணு கொண்டு வந்தேன்."

வக்கீலம்மா நாற்காலியில சாஞ்சு சிரிச்சாங்க பாருங்க, அடுத்த ரூம்ல இருந்து ஆள் எட்டிப் பார்த்துச்சு. "எங்க ஜனமும் ஹோலிக்கு இப்படித்தான் ஓடும்"னாங்க. அன்னைக்கே துரைசாமிகிட்ட ரெண்டாவதா ஒரு வாக்குமூலம் வாங்கி, ஓடறதுதான் முறை, பையில சட்டை இருக்கறதுதான் சம்மதம்னு விளக்கி அனுப்பினாங்க. மூணு வாரம் கழிச்சு ஸ்டேசனுக்குப் போனப்ப மேற்கொண்டு நடவடிக்கை இல்லைன்னு சொல்லி என் சொம்பைத் திருப்பிக் குடுத்தாங்க. வாங்கி மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல ஊடு வர்ற வரைக்கும் அழுதேன். குடியுரிமைக் காகிதம் மாசியில வந்துச்சு.

ஹெரால்டு மட்டும் வேலி மேல தலையை நீட்டறதையே விட்டுட்டார். அந்த வருசம் அவருக்கு விளையாட்டே போச்சு. ஸ்டேசன்ல இருந்து சொம்போட வந்த மறுநாள் நானே போய்க் கதவைத் தட்டினேன். மாவுக்கட்டோட நின்னார். என் ஓட்டை இங்கிலீஷ்ல, அது எங்க நோம்பி விளையாட்டுன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒண்ணே ஒண்ணு சொன்னார்: "அந்த ஆளுக்குத் தண்ணி விழும்னு தெரிஞ்சிருந்துச்சு. எனக்கு யாருமே சொல்லலையே." எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. சட்டம் என்னை விட்டுருச்சுதான், ஆனா அவர் கேட்டதுல என்ன தப்பு? அந்த வெள்ளைச் சட்டை, துவைக்கறேன்னு அவர் சோப்புப் போட்டதுல மஞ்சள் ரத்தச் சிவப்பா மாறிப்போய், ஒரு மூலையில கிடந்துச்சு. அதை வாங்கிட்டு வந்து அலசி நாள் கணக்கா வெயில்ல போட்டேன். இந்த ஊர் வெயிலுக்கு அது முழுசாப் போகலை. அவர் கை சரியாகற வரைக்கும் கவிதாதான் சோறு கொண்டு போய்க் குடுத்தா. அரிசிம்பருப்புச் சோத்தை மட்டும் கிண்ணத்தை வழிச்சுத் தின்னுருவாராம்.

6

இந்தக் கடைசிப் பகுதியை நோம்பி முடிஞ்ச மறுநாள், திங்கக்கிழமை எழுதறேன்.

இந்த வருசம் ஒரு வாரம் முன்னாலயே போய் ஹெரால்டுகிட்டச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு மஞ்சத் தண்ணி ஊத்துவோம், ரோட்டுக்கு வர மாட்டோம், ஆனாலும் நீங்க அதுக்கு முன்னாலயே கிளம்பிருங்கன்னேன். தலையை ஆட்டிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டார்.

நேத்துப் பதினோரு மணிக்குப் பின்கட்டுல நாங்க சொம்பை மோந்துக்கிட்டு இருக்கறப்போ சந்துக் கதவு திறந்துச்சு. ஹெரால்டு. அதே வெள்ளைச் சட்டை, நெஞ்சுல இன்னும் லேசா மஞ்சள் படிஞ்சது. கையில ஒரு பிளாஸ்டிக் பை. அவர் பையைத் திறந்து காட்டினார். மடிச்ச சட்டை ஒண்ணு, பேண்ட் ஒண்ணு, அதுக்கு மேல ஒரு ஜோடி சாக்ஸ்.

மாத்துச் சட்டைக் கதையை அவருக்கு யார் சொன்னதுன்னு கவிதாவைத் திரும்பிப் பார்த்தேன். அவ வானத்தைப் பார்த்தா. சோறு கொண்டு போனவ சும்மாவா வந்திருப்பா?

"சரி, ஆனா இவர் நமக்கு என்ன முறைங்க?"ன்னு துரைசாமி ஆரம்பிச்சார். "வயசைப் பார்த்தா எங்களுக்கு அண்ணன் முறை. அப்படின்னா அண்ணி ஊத்தக் கூடாதே."

"நீங்க சும்மா இருங்க தம்பி. இன்னைக்கு இவர் எனக்குக் கொழுந்தன்தான்"னு சொல்லிட்டுச் சொம்பைத் தூக்கினேன்.

ஹெரால்டு பையைக் கவிதா கையில குடுத்துட்டு, கண்ணை மூடிக்கிட்டு ஆடாம அசையாம நின்னார். தூக்கின சொம்பைக் கவுக்க எனக்கு மனசு வரலை. கண்ணை இறுக்கி மூடி நிக்கற ஆள் மேல என்னத்தை ஊத்தறது?

"ஓடணுங்க! நிக்கக் கூடாது, ஓடணும்!"னு துரைசாமி கத்தினார். கவிதா அதை அவருக்கு இங்கிலீஷ்ல சொன்னா. அவர் கண்ணைத் திறந்தார், என்னைப் பார்த்தார், சொம்பைப் பார்த்தார்.

"வேண்டாங்கோ!" அப்படின்னு ஒரு கத்துக் கத்திட்டு ஓடினார். எங்க துணி காயற கயித்தைச் சுத்தி, சரியான கையை வீசிக்கிட்டு, ஒடிஞ்சு சேர்ந்த கையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடினார். யாரும் சொல்லிக் குடுக்கலைங்க. கைக்கு எட்டற தூரத்துலயேதான் ஓடினார்.